டியூக் எலிங்டன் இசையை நேரில் கேட்கச் செல்வோருக்கு

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளரும் பியானோ கலைஞருமான டியூக் எலிங்டனின் இசையை ஒரு முழு பிக் பேண்ட் (சாக்சஃபோன், டிராம்போன், டிரம்பெட் வரிசைகள் கொண்ட பெரிய ஜாஸ் குழு) நேரில் வாசிக்கும் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு எடுத்திருப்பவர்கள், அதற்கான தயாரிப்பை ஒரு வாரம் முன்பே தொடங்கிவிடுவது நல்லது. 1899-இல் வாஷிங்டனில் பிறந்த எலிங்டன், 1974-இல் மறையும் வரை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் இசைக்குழுவைக் கலைக்காமல் நடத்தினார். டிரம்பெட்டுக்கு என்று பொதுவாக எழுதாமல், தம் குழுவில் டிரம்பெட் வாசித்த கூட்டி வில்லியம்ஸுக்கு என்றும், ஆல்டோ சாக்சஃபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸுக்கு என்றும் அவரவர் தொனியை மனத்தில் வைத்தே எழுதினார். ஆகவே மறைந்துபோன அந்த மனிதர்களின் இடத்தில் இன்று அமர்ந்திருப்பவர் என்ன செய்கிறார் என்பதே இந்தக் கச்சேரியில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

அதற்குப் பழைய ஒலிப்பதிவுகள் காதில் இருக்க வேண்டும். நிறையக் கேட்கத் தேவையில்லை. 1930-இல் வந்த ‘மூட் இண்டிகோ’, 1940-இல் பதிவான ‘கான்செர்ட்டோ ஃபார் கூட்டி’, 1941-இல் பதிவான ‘டேக் தி ஏ டிரெயின்’ ஆகிய மூன்றையும் பல முறை கேளுங்கள். ஒரு முறையாவது டபுள் பேஸை (ஆளுயர வயலின் போன்ற, அடிக்குரல் தரும் தந்திக் கருவி) மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

நிகழ்ச்சிநிரலைக் கையில் வாங்கியதும் ஒவ்வொரு உருப்படிக்கும் எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ‘ஏ டிரெயின்’ எலிங்டனின் இசையமைப்புக் கூட்டாளி பில்லி ஸ்ட்ரேஹார்ன் எழுதியது. ‘கேரவன்’ மெட்டின் பிறப்பில் போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த டிராம்போன் கலைஞர் ஹுவான் டிசோலுக்குப் பெரும் பங்குண்டு. இவர்களின் பெயர்களை விட்டுவிடும் நிகழ்ச்சிநிரல் எனக்கு வருத்தமளிக்கிறது.

இருக்கையைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் முதல் வரிசையைத் தவிர்த்துவிடுங்கள். வழக்கமாக ஐந்து சாக்சஃபோன்கள் முன்னாலும், டிராம்போன்கள் அவற்றின் பின்னாலும், டிரம்பெட்டுகள் கடைசி வரிசையிலும் இருக்கும் என்பதால், மிக நெருங்கி அமர்ந்தால் சாக்சஃபோன் மட்டுமே காதை நிறைக்கும். அரங்கின் நடுப்பகுதியில்தான் மூன்று வரிசைகளும் ஒன்றாகக் கலந்து வந்து சேர்கின்றன.

‘மூட் இண்டிகோ’ தொடங்கும்போது மூவரை மட்டும் பாருங்கள். இயல்பாக மேலே ஒலிக்க வேண்டிய கிளாரினெட் அடியாழத்துக்கு இறங்கியிருக்கும். இயல்பாகக் கீழே நிற்கும் டிராம்போன், வாயில் மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் அடைப்பு) செருகப்பட்டு, டிரம்பெட்டுக்குச் சற்றே கீழே உயர்ந்த சுருதியில் மெல்லப் பாடும். இந்தத் தலைகீழ் அடுக்கினால்தான் மூன்று கருவிகளும் சேர்ந்து, எந்தக் கருவியினுடையது என்று சொல்ல முடியாத ஒரு நான்காவது குரலாகக் கேட்கின்றன.

டிரம்பெட் கலைஞரின் இடக்கையையும் கவனியுங்கள். அதில் இருப்பது கைகழுவும் தொட்டியின் அடைப்பை நீக்கப் பயன்படும் அதே ரப்பர் கிண்ணம்தான். கருவியின் வாயை அவர் அதனால் மூடித் திறக்கும்போது உயிரெழுத்துகள் மாறுவதைப்போல ஒலி மாறும். கூடவே தொண்டையில் உறுமுவதையும் சேர்த்துக்கொள்ளும்போது ஒரு மனிதர் அழுதுகொண்டே பேசுவது போலிருக்கும். இதை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகிய எனக்குக்கூட நேரில் கண்டபோது மெய்சிலிர்த்தது.

தனி வாசிப்பு முடிந்ததும், பாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கைதட்டுவது ஜாஸ் அரங்குகளின் வழக்கம். ஆனால் ஹாட்ஜஸுக்காக எழுதப்பட்ட மெதுவான உருப்படிகளில், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கிச் செல்லும் அந்த இழைவு (கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும்) முழுவதும் அடங்கும்வரை பொறுத்திருங்கள்.

1963-இல் எலிங்டன் குழு இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றுப்பயணம் செய்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற இசைத்தொகுப்பு நிகழ்ச்சிநிரலில் இருந்தால், தில்லியில் ஸ்ட்ரேஹார்ன் கேட்ட ஒரு மைனாவின் கூவலைக் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதிக்காகக் காத்திருங்கள்.

‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’ வாசிக்கப்பட்டால் எண்ணத் தயாராகுங்கள். 1956-இல் அமெரிக்காவின் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் எலிங்டன் குழுவின் பால் கொன்சால்வஸ் இதன் நடுவே டெனர் சாக்சஃபோனில் 27 சுற்றுகள் தொடர்ந்து வாசித்தார். ஒவ்வொரு சுற்றும் நான்கு தட்டுகள் கொண்ட பன்னிரண்டு பகுதிகளால் ஆனது. முதல் சில சுற்றுகளை விரலில் எண்ணிவிட்டு, பிறகு டிரம்ஸும் பேஸும் மேடையில் டெனர் வாசிப்பவரை எப்படித் தாங்குகின்றன என்பதற்குக் காதைத் திருப்புங்கள். பின்வரிசையிலிருந்து சக கலைஞர்கள் குரல் கொடுத்து உற்சாகப்படுத்துவதும் அப்போது தெளிவாகக் கேட்கும்.