இரட்டைக் குழந்தைகளுக்குச் சேர்த்துப் பால் கொடுக்க: எந்தத் தலையணை, எங்கே முட்டு?

இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, படுக்க வைத்து நிமிர்வதற்குள் இன்னொன்று சிணுங்கத் தொடங்கிவிடும். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டால்கூட, இருவருக்கும் தனித்தனியாகக் கொடுக்க நாளில் 8 முதல் 12 மணி நேரம் போய்விடும். சேர்த்துப் போட்டுக் கொடுத்தால் அதில் பாதி மிச்சம். அந்த நேரத்தில் நீங்கள் தூங்கலாம்.

சேர்த்துக் கொடுக்க இரண்டு கை போதாது. கை செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியைத் தலையணை செய்ய வேண்டும். ஆனால் பலர் முதலில் ஆன்லைனில் ஒரு பெரிய தலையணைக்கு ஆர்டர் போட்டுவிட்டு, அப்புறம்தான் எங்கே உட்காருவது என்று யோசிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் இடம், பிறகு முதுகும் காலும், கடைசியில்தான் தலையணை.

தொடங்கும் முன்

ஒவ்வொரு குழந்தையும் தனியாக நன்றாகக் கவ்விக் குடிக்கிறதா என்று பாருங்கள். ஒன்றுக்கே இன்னும் பிடி கிடைக்கவில்லை என்றால், இரண்டையும் சேர்த்துப் போட்டால் மூன்று பேரும் அழ வேண்டியதுதான். இரட்டையர் பலர் நாள் முடியும் முன்பே பிறந்துவிடுவார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒத்துப்போவது பொதுவாகக் கருவின் வயது 34 வாரம் ஆகும்போதுதான். அதற்கு முன் பிறந்தவர்களுக்கும் எடை மிகக் குறைந்தவர்களுக்கும் டாக்டர் சொன்ன பிறகே இதைத் தொடங்குங்கள். தனித்தனியாகக் கொடுப்பதே சரிப்படுகிறது என்றால் அப்படியே தொடரலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

1. இடம்

கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு உதவாது. குழந்தைகளின் உடம்பு உங்கள் இடுப்பின் இரு பக்கமும் வரப்போகிறது. நாற்காலியின் கை அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அகலமான சோபா அல்லது சுவரை ஒட்டிப் போட்ட கட்டில் நல்லது. முதல் சில வாரங்களுக்கு என் ஓட்டு கட்டிலுக்குத்தான். பக்கத்தில் ஒரு குழந்தையைக் கிடத்தி வைக்க இடம் இருக்கும், ஆள் இல்லாத நேரத்திலும் சமாளிக்கலாம். உடம்பு அமுங்கிப் போகும் மெத்தையானால், அதை எடுத்துவிட்டுக் கெட்டியான மெத்தை போடுங்கள்.

2. முதுகும் காலும்

சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு திண்டு வையுங்கள். திண்டு இல்லையென்றால் பஞ்சுத் தலையணை இரண்டு. இது உங்கள் வசதிக்காக மட்டுமில்லை. குழந்தையின் கால் பின்பக்கம் நீளும்போது அதற்கு இடம் வேண்டும். பாதம் சுவரில் பட்டால் குழந்தை தன்னையறியாமல் அதை உந்தும். உந்தினால் உடம்பு வில்லாக வளையும், வாயிலிருந்து காம்பு நழுவும். ‘குடிக்க மாட்டேங்குது, பின்னாடி பின்னாடி போகுது’ என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் சுவரை உதைப்பதுதான் காரணமாக இருக்கும். திண்டை இன்னும் முன்னால் தள்ளுங்கள், அல்லது குழந்தையின் இடுப்பைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்து இரண்டு காலும் மேல்நோக்கி இருக்கும்படி விடுங்கள்.

சோபாவில் உட்கார்ந்தால் காலுக்கு அடியில் ஒரு மணையோ சின்ன முக்காலியோ வையுங்கள். பாதம் அந்தரத்தில் தொங்கினால் மடி முன்பக்கம் சரியும், மடி சரிந்தால் தலையணையும் சேர்ந்து சரியும். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய பெட்ஷீட் போதும்.

3. உயரம் கண்டுபிடிப்பது

இதற்குக் குழந்தையே வேண்டாம். பிரசவத்துக்கு முன்பே செய்து பார்க்கலாம், ஆனால் பிரசவத்துக்குப் பிறகு வயிறும் மார்பும் மாறிவிடுவதால் அப்போது ஒரு தடவை திரும்பப் பார்க்க வேண்டும்.

நிமிர்ந்து உட்காருங்கள். தோளைத் தளர விடுங்கள். மார்பைக் கையால் தூக்காமல், காம்பு இயல்பாக எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். குழந்தையின் மூக்கு அந்த உயரத்துக்கு வர வேண்டும். நீங்கள் குழந்தையிடம் குனியக் கூடாது, குழந்தைதான் உங்களிடம் ஏறி வர வேண்டும்.

இப்போது வீட்டில் இருக்கும் மூன்று சாதாரணத் தலையணைகளை எடுங்கள். இடுப்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று, மடியின் குறுக்கே ஒன்று. இரண்டு கிலோ அரிசி பாக்கெட் இரண்டை டவலில் சுற்றி இரு பக்கமும் வையுங்கள். பிறந்த இரட்டையர் பலரின் எடை கிட்டத்தட்ட அவ்வளவுதான். பத்து நிமிடம் அப்படியே உட்காருங்கள். வைத்தபோது இருந்த உயரத்தைவிட எவ்வளவு அமுங்கியிருக்கிறது? இரண்டு விரல் அளவு இறங்கினால் அடியில் ஒரு பெட்ஷீட்டை மடித்துக் கொடுத்துச் சரிக்கட்டலாம். ஒரு கைப்பிடி அளவு இறங்கினால் அந்தத் தலையணை தூங்கத்தான் லாயக்கு.

நல்ல இலவம்பஞ்சுத் தலையணை இந்தச் சோதனையில் நன்றாகவே தேறும். ஃபைபர் நிரப்பிய, கடையில் கைக்கு மெத்தென்று இருக்கும் தலையணைதான் முதலில் தோற்கும். உயரமான பெண்ணுக்கு இரு பக்கமும் இரண்டிரண்டு தேவைப்படலாம். மார்பு கனத்துச் சற்றுத் தாழ்ந்திருப்பவருக்கு ஒன்றே அதிகமாக இருக்கலாம். அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பொருந்தியது உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது.

4. தனியாக வாங்குவதாக இருந்தால்

மூன்று தலையணையில் வேலை நடந்தால் வாங்க வேண்டாம். அவை நகர்ந்துகொண்டே இருக்கின்றன, நடுவில் இடைவெளி விழுகிறது என்றால் இரட்டையருக்கென்றே விற்கும் அகலமான வளைவுத் தலையணை வாங்கலாம். ஒற்றைக் குழந்தைக்கான வளைவுத் தலையணையை வாங்கி இரண்டு பேரைக் கிடத்தப் பார்க்காதீர்கள், பக்கத்தில் அகலம் போதாது.

மேல்பரப்பு தட்டையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உருண்டையாக இருந்தால் குழந்தை வெளிப்பக்கம் உருளும். லேசாக உங்கள் வயிற்றுப் பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் நல்லது. அப்புறம் உள்வளைவு: உங்கள் இடுப்போடு ஒட்டி நிற்க வேண்டும். தலையணைக்கும் வயிற்றுக்கும் நடுவே சந்து இருந்தால் குழந்தையின் முகம் அதில் இறங்கும். சின்னச் சந்து என்றால் ஒரு டவலைச் சுருட்டி அடைக்கலாம்.

பின்னால் பக்கிள் போட்ட பட்டை இருந்தால் தலையணை முன்னால் நழுவாது. பக்கிளா வெல்க்ரோவா என்றால் பக்கிள் என்பேன். ராத்திரி இரண்டு மணிக்கு வெல்க்ரோவைப் பிரிக்கும் சத்தத்தில் அப்போதுதான் தூங்கியவர் எழுந்துவிடுவார். சிசேரியன் ஆனவர்கள் தலையணையின் முன் விளிம்பு தையல்மேல் உட்காருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே ஃபோம் இருந்தால் உருவம் குலையாது, ஆனால் நம் ஊர் வெயிலில் சூடு ஏறும். மேலே பருத்தி உறை கட்டாயம். உறை கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும், இரண்டு உறையாவது வேண்டும். குழந்தை கக்காத நாள் கிடையாது.

5. குழந்தைகளை ஏற்றுவது

தண்ணீர், இரண்டு கைக்குட்டை, போன் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியாது. நைட்டியில் நடு ஜிப்பைவிட இரு பக்கமும் தனித்தனி ஜிப் வைத்தது வசதி.

தொடக்கத்தில் இரு குழந்தைகளையும் இரு கைகளின் கீழே வைக்கும் முறையே எளிது. ஆஸ்பத்திரியில் ஃபுட்பால் ஹோல்ட் என்பார்கள். வலது குழந்தை வலது கையின் கீழ், இடது குழந்தை இடது கையின் கீழ், கால் உங்கள் முதுகுப் பக்கம். வயிற்றின்மேல் பாரம் விழாது என்பதால் தையல் போட்டவர்களுக்கும் இதுதான் பொருத்தம். குழந்தை மல்லாந்து கிடந்து கழுத்தை மட்டும் திருப்பக் கூடாது. உடம்பே உங்களை நோக்கித் திரும்பி, காது, தோள், இடுப்பு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

முதல் சில நாட்களுக்கு அம்மாவோ அத்தையோ கணவரோ பக்கத்தில் இருக்கட்டும். பிடி கிடைக்கச் சிரமப்படும் குழந்தையை முதலில் வாங்குங்கள், அப்போதுதான் இரண்டு கையும் அதற்குக் கிடைக்கும். உள்ளங்கை தோளுக்கு அடியில், கட்டைவிரலும் மற்ற விரல்களும் இரு காதுக்குப் பின்னால் கழுத்தைத் தாங்கியபடி. பின்மண்டையை அழுத்தினால் குழந்தை எதிர்த்துத் தலையைப் பின்னுக்கு இழுக்கும். காம்பு மூக்குக்கு நேராக இருக்க, வாயை அகலமாகத் திறக்கும்வரை பொறுத்து, திறந்ததும் குழந்தையை உள்ளே கொண்டுவாருங்கள். அது சீராகக் குடிக்கத் தொடங்கிய பின் அந்தக் கைக்கு அடியில் ஒரு டவலைச் சொருகி ஓய்வு கொடுத்துவிட்டு, இரண்டாவதை வாங்குங்கள்.

ஆள் இல்லாதபோது, இருவரையும் கட்டிலில் உங்கள் இரு பக்கமும் கிடத்தி, நடுவில் உட்கார்ந்து தலையணையை மாட்டிக்கொள்ளுங்கள். கழுத்துக்கு ஒரு கை, பிட்டத்துக்கு ஒரு கை கொடுத்து ஒருவரை ஏற்றி, முழங்கையால் அணைத்தபடி மற்றவரை ஏற்ற வேண்டும். கொஞ்சம் பழகிய பிறகு செய்ய வேண்டியது இது.

ஏப்பம் எடுக்க ஒருவரைத் தோளில் போடும்போது மற்றவர் குடித்துக்கொண்டே இருக்கலாம். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்பதை நாளுக்கு நாள் மாற்றுங்கள். ஒன்று வேகமாக உறிஞ்சும், இன்னொன்று மெதுவாக. ஒரே பக்கத்தில் நிரந்தரமாக விட்டால் ஒரு மார்பில் பால் கூடி மற்றதில் குறையும்.

6. சரியாக இருக்கிறதா?

கொடுக்கும்போதே உங்கள் தோளைக் கவனியுங்கள். காதை நோக்கி ஏறியிருந்தால் தலையணை உயரம் போதவில்லை, நீங்கள்தான் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். குடிக்கும்போது ‘டிக் டிக்’ என்று நாக்குச் சத்தம் வந்தால், விட்ட பிறகு காம்பு ஒரு பக்கம் நசுங்கிச் சப்பையாகத் தெரிந்தால், குழந்தை கீழே நழுவி நுனியை மட்டும் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, அடியில் ஒரு மடிப்பு கூட்டி, திரும்பப் போடுங்கள். அப்படியும் வலித்தாலோ, எடை ஏறவில்லை, சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாலோ தலையணையை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

பால் குடித்தபடியே குழந்தை தூங்கிவிட்டால், ‘எழுப்ப வேண்டாம், தலையணையோடவே படுக்க வை’ என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். வளைவுத் தலையணையில் தூங்கும் குழந்தையின் தாடை மார்போடு ஒட்டி மூச்சுக்குழாய் மடங்கலாம், உருண்டு முகம் பஞ்சில் புதையலாம். அமெரிக்காவில் 2010 முதல் 2022 வரை பாலூட்டும் தலையணைகளோடு தொடர்புடைய 154 குழந்தை இறப்புகள் அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கில் வந்தன. பெரும்பாலும் தூங்க வைக்கப் பயன்படுத்தியபோது நடந்தவை. 2024-இல் அங்கே இந்தத் தலையணைகளுக்கென்றே கட்டாய விதிகள் கொண்டுவந்தார்கள். தூங்கினால் எடுத்து, தட்டையான கெட்டி மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

தலையணையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எழுந்து நடக்க வேண்டாம். உங்களுக்கே தூக்கம் சொக்கினால் சோபாவில் உட்கார்ந்து கொடுக்க வேண்டாம், பக்கத்தில் ஒருவர் விழித்திருக்கட்டும். பச்சை உடம்போடு, ராத்திரியில் பாதித் தூக்கத்தில் இருப்பவருக்கு இந்த உதவி கேட்கக் கூச்சமே வேண்டாம்.

நான்கைந்து மாதத்தில் இருவரும் கனத்து, ஒருவர் முடியை ஒருவர் இழுக்க ஆரம்பிப்பார்கள். அப்போது தலையணையின் உயரத்தைக் குறைக்க வேண்டி வரும், சிலருக்குத் தலையணையே தேவைப்படாது. வெளியே போகும்போது இந்த ஏற்பாட்டையெல்லாம் சுமக்க முடியாது. தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொள்ளுங்கள், மற்றவரைக் கூட வந்தவர் வைத்துக்கொள்ளட்டும்.