பழைய அமெரிக்க நோட்டுகள்: கழுவிக் கெடுக்காதீர்கள்

பழைய அமெரிக்க நோட்டுகளைச் சேகரிப்பவர்கள் செய்யும் தவறுகளில், போலியை வாங்குவது, கேட்ட விலையை அப்படியே கொடுப்பது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழுவுவதும் இஸ்திரி போடுவதும்

அண்மையில் ஒரு கண்காட்சியில் இளைஞர் ஒருவர் 1899 வரிசையின் ஒரு டாலர் வெள்ளிச் சான்றிதழை, அதாவது அந்நாளில் வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய அரசு நோட்டை, கொண்டுவந்தார். சேகரிப்பாளர்கள் ‘கருங்கழுகு’ என்று அழைக்கும் அந்த நோட்டில், கழுகுக்குக் கீழே அமெரிக்க அதிபர்களான லிங்கனும் கிராண்டும் இருப்பார்கள். மடிப்பில் படிந்த அழுக்கு பிடிக்காமல், சோப்பு நீரில் அலசி இஸ்திரி போட்டதாக அவர் பெருமையோடு சொன்னார். விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். மடிப்புக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது; நீல முத்திரை வெளிறி, தாள் துணியைப் போலத் துவண்டிருந்தது.

இந்த நோட்டுகள், செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, அதன்மேல் தாளைப் பெரும் அழுத்தத்தில் பதித்து அச்சிடப்பட்டவை. அதனால்தான் விரல் நுனியில் மையின் மேடு தட்டுப்படுகிறது. கழுவினால் தாளுக்கு விறைப்பைத் தரும் பசை கரைந்துவிடும்; இஸ்திரி அந்த மேட்டைத் தட்டையாக்கிவிடும். இரண்டையும் எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. தர மதிப்பீட்டு நிறுவனமான பி.எம்.ஜி., இயல்பு கெடாத தாளுக்கு மட்டும் வழங்கும் ‘இ.பி.க்யூ.’ குறிப்பு இத்தகைய நோட்டுக்குக் கிடைக்காது. அதனால் விலையும் இறங்கிவிடும். அழுக்கோடு இருந்திருந்தால் அது நேர்மையாகப் புழங்கிய ஒரு நோட்டாக மதிக்கப்பட்டிருக்கும். நூறாண்டுகளைக் கடந்து வந்த தாள் ஒரே மாலையில் இப்படிப் பாழாவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

சில விற்பனையாளர்களும் இதையே செய்துவிட்டு, புழங்காத நோட்டு என்று விற்கிறார்கள். ஆகவே வாங்குவதற்கு முன் உறையிலிருந்து எடுத்துக் காட்டச் சொல்லி, ஒளியில் சாய்த்துப் பாருங்கள்.

செலோ டேப்

ஒட்டவே ஒட்டாதீர்கள்.

பி.வி.சி. உறை

வேண்டாம், மைலார் என்னும் பாலியெஸ்டர் உறை வாங்குங்கள்.

வரிசை எண் 8894

1840ஆம் ஆண்டு தேதியிட்ட, இந்த எண்ணுள்ள ‘பாங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்’ ஆயிரம் டாலர் நோட்டு, நினைவுப்பொருளாக அச்சிட்ட நகல்.

பழமைக்கு விலை கொடுப்பது

1957 வரிசையின் நீல முத்திரை ஒரு டாலர் ஏராளமாகக் கிடைக்கிறது. புழங்கியதென்றால் முகமதிப்பைவிடச் சற்றே கூடுதலாகத்தான் போகும். 1863 முதல் 1935 வரை, அரசின் பட்டயம் (உரிமம்) பெற்ற வங்கிகள் தத்தம் பெயரில் வெளியிட்ட தேசிய வங்கி நோட்டுகளிலோ, ஒரே வடிவமைப்பும் ஒரே மதிப்பும் கொண்ட இரண்டு நோட்டுகளுக்குள், சிற்றூர் வங்கி ஒன்றின் பெயர் தாங்கியது பல மடங்கு விலை பெறலாம். எனவே நோட்டிலுள்ள வங்கிப் பட்டய எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த வங்கியின் நோட்டுகள் எத்தனை எஞ்சியுள்ளன என்று விசாரித்த பிறகே விலை பேசுங்கள்.