வசம்பிலிருந்து கலெக்டர் ஆபீஸ் வரை: ஆட்டிசம் பிள்ளையின் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகனுக்கு இரண்டு வயதில் பேச்சு வரவில்லை என்று வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவினோம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவன் தாத்தாவே அஞ்சு வயசுலதான் வாயைத் திறந்தார்" என்று மாமியார் சொன்னதை நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். அடுத்த அறையில் பிஸ்கட் கவர் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடிவருவான். காது கேட்கிறது, அப்புறம் என்ன கவலை என்று விட்டுவிட்டோம். ஒன்றரை வருடம் அப்படியே போனது.

கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டாமல் நம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது, இதெல்லாம் ஒன்றரை வயதிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டியவை. 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் பட்டியல் இருக்கிறது. பெற்றோரே பதில் சொல்லலாம். அது ஆட்டிசம் என்று முடிவு சொல்லாது, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காராமல் ஸ்பீச் தெரபியைத் தொடங்கிவிடலாம்.

ஆட்டிசம் என்று பேர் தெரிந்ததும் அடுத்த தவறு ஆரம்பித்துவிடும்: 'குணமாக்கும்' இடத்தைத் தேடி ஓடுவது. ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்காக நகையை அடகு வைத்த குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். சில ரத்த நோய்களைப் போன்ற குறிப்பிட்ட நோய்களைத் தவிர மற்றவற்றுக்கு, முறையான ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 2017 வழிகாட்டி சொல்கிறது. ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. பில் போட்டுக் கையில் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை ஆராய்ச்சி என்று நம்புவதும் இதே ரகம்தான். தடுப்பூசியால் ஆட்டிசம் என்ற கதை 1998-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த, வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் கிளம்பியது. 2010-இல் அந்த இதழே அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பார்த்து 2019-இல் வெளியான ஆய்வு, தொடர்பு இல்லை என்றது. 2025-இல் அமெரிக்க அதிபர் கர்ப்பிணிகளின் பாராசிட்டமால் மாத்திரை மேல் பழி போட்டதும், தெரபி சென்டர் வராந்தாவில் ஓர் இளம் அம்மா, "காய்ச்சலுக்கு நான் போட்டேனேக்கா" என்று அழுதாள். ஸ்வீடனில் சுமார் 25 லட்சம் குழந்தைகளை வைத்து 2024-இல் வந்த ஆய்வில், ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டபோது அந்தத் தொடர்பு காணாமல் போனது. அதைச் சொன்னேன். எவ்வளவு சமாதானம் ஆனாளோ தெரியாது.

வேண்டியதைப் படம் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேசவே மாட்டான் என்று பயந்து நான் படஅட்டையைத் தள்ளிப்போட்டதும் தவறு. ஏழு வயதில், தண்ணீர் டம்ளர் படத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அதற்கு முன்பெல்லாம் தாகம் எடுத்தால் சுவரில் தலையை முட்டுவான்.

இனி காகித வேலை. தெரபிக்கு விடியற்காலை பஸ் பிடிக்கிற நாம் இதைத்தான் தள்ளிப்போடுகிறோம். 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்ற வகையே இல்லை. அதனால் பல பிள்ளைகளைப் போல என் மகனுக்கும் மனவளர்ச்சிக் குறைபாடு என்றுதான் சான்றிதழ் கிடைத்தது. 2016 சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைகளை ஏற்ற பிறகு சான்றிதழை மாற்றப் போனோம். போவதற்கு முன் ஒரு வாரம் அவனுக்கு "குட் மார்னிங் டாக்டர்" சொல்லப் பழக்கினேன். பெண் பார்க்க வருகிற மாதிரி! கண்ணைப் பார்ப்பானா என்று கேட்டார்கள். "பார்ப்பான் சார்." சொன்னதையே திரும்பச் சொல்வானா? "எப்பவாவதுதான்." அவன் பக்கத்தில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சான்றிதழுக்கான அந்த மதிப்பீட்டில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தம். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வராமல் நானே அவன் சான்றிதழைக் கெடுத்தேன். அடுத்த முறை ஒரு மாதம் நோட்டில் எழுதிவைத்தேன்: எத்தனை முறை கத்தினான், எத்தனை மணிக்குத் தூங்கினான். வீடியோவும் எடுத்துக்கொண்டு போனேன்.

சான்றிதழில் குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. மத்திய அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபி செலவுக்கும் கேட்கலாம். புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள், நான் இரண்டு வருடம் மறந்தேன்.

கடைசித் தவறு, 18 வயது ஆவதை மறந்து இருப்பது. அன்றோடு சட்டப்படி அவன் மேஜர். பெற்ற தாய் என்பதால் மட்டும் நான் அவனுக்குச் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிட முடியாது. வங்கியில் "அவரே கையெழுத்துப் போடட்டும்மா" என்று சொன்னபோதுதான் இது உறைத்தது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் காப்பாளர் நியமனத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 17 வயதிலேயே காகிதங்களைச் சேர்க்க ஆரம்பியுங்கள்.

எங்களுக்குப் பிறகு யார் என்ற பேச்சு வந்தபோது, மகள் பெயரை அவளைக் கேட்காமலே சொல்லிவிட இருந்தேன். அக்காதானே, மாட்டேன் என்றா சொல்லிவிடுவாள்? என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். அன்று ராத்திரி கேட்டோம். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்றாள். யோசிக்கிறாள்.