மேசைக் கணினி ஆன் ஆகவில்லை என்றால்

பொத்தானை அழுத்தியும் கணினி கிளம்பவில்லை என்றதும் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிக் கடைக்குத் தூக்கிச் செல்பவர்கள் பலர். அதற்கு முன், கேபினெட்டின் முன்விளக்கு எரிகிறதா, உள்ளே விசிறி சுற்றுகிறதா என்று கவனியுங்கள். விசிறியே சுற்றாத கணினியில் தேட வேண்டிய இடம் வேறு. விசிறி சுற்றியும் திரை கறுப்பாகவே இருக்கும் கணினியில் தேட வேண்டிய இடம் வேறு.

விசிறி சுற்றவில்லை எனில், மின்சாரம் வரும் வழியிலேயே தேடிச் செல்ல வேண்டும். யூபிஎஸ்ஸை விலக்கிவிட்டுச் சுவர் பிளக்கில் நேரடியாக இணையுங்கள். மானிட்டரின் பவர் கேபிளும் அதே வகை என்றால் அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறச் சிறு ஸ்விட்ச், தூசி துடைக்கும்போது கை பட்டு அணைந்திருக்கவும் கூடும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானை 30 நொடி அழுத்திப் பிடித்து, உள்ளே தங்கிய மின்னூட்டத்தை வடியவிட்டு மீண்டும் இணையுங்கள்.

பொத்தானே பழுதாகியிருக்கலாம். மதர்போர்டின் ஓரத்தில் பவர் ஸ்விட்ச் எனக் குறிக்கப்பட்ட இரு ஊசிகளில் உள்ள வயரைக் கழற்றி, ஸ்க்ரூடிரைவர் நுனியால் அவ்விரு ஊசிகளை மட்டும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கணினி கிளம்பினால், ரீசெட் பொத்தானின் வயரை அங்கே செருகி அதையே பவர் பொத்தானாகப் பயன்படுத்தலாம், செலவே இல்லை.

அதற்கும் அசையவில்லை எனில் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியே சோதிக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய நிலையில், மதர்போர்டிலிருந்து 24 முனை இணைப்பைக் கழற்றி, அதிலுள்ள ஒரே பச்சை வயரின் துளையையும் ஏதேனும் ஒரு கறுப்பு வயரின் துளையையும் ஒரு கம்பித் துண்டால் இணைத்த பிறகே மின்சாரம் கொடுங்கள். விசிறி சுற்றுவது மட்டும் போதாது. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். ஆனால் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாறிக் கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது உயிரைப் பறிக்கக்கூடியது.

விசிறி சுற்றியும் திரை வரவில்லை என்றால், தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிள் அந்தக் கார்டில்தான் செருகப்பட்டுள்ளதா என்று பாருங்கள். அடுத்து நான் சந்தேகிப்பது எப்போதும் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமைத்தான். தூசியும் ஈரப்பதமும் சேர்ந்து அதன் பொன்னிறத் தொடுமுனைகளில் படலம் கட்டிவிட்டால், நல்ல ரேமும் இல்லாததற்குச் சமம். மின்சாரத்தைத் துண்டித்து, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை நீக்கிய பிறகு ரேமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் தொடுமுனைகளை மெல்லத் தேய்த்து, ரப்பர்த் துகள்களைத் தூரிகையால் அகற்றுங்கள். திரும்பப் பொருத்தும்போது பக்கக் கொக்கி 'டக்' என்று பூட்டும்வரை அழுத்த வேண்டும். அரைகுறையாக அமர்ந்த ரேமால் வரும் தொல்லையே பாதி. இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்தால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

பீப் ஒலி வந்தால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்; அதன் பொருள், கணினி கிளம்பும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸுக்குப் பயோஸ் மாறும் என்பதால் மதர்போர்டின் கையேட்டையே நம்ப வேண்டும். ப்ராசஸருக்கு அருகிலுள்ள 4 அல்லது 8 முனைப் பவர் இணைப்பு தளர்ந்திருந்தாலும் விசிறி சுற்றும், திரை வராது. அதையும் அழுத்திப் பார்த்தபின், பயோஸ் அமைப்புகளை அழிப்பதற்காக, பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டிலுள்ள நாணய வடிவ சிஆர்2032 பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வையுங்கள். தேதி அடிக்கடி பின்னுக்குப் போன கணினி என்றால் புதிய பேட்டரியே போட்டுவிடலாம். மதர்போர்டில் தலை உப்பிய சிறு உருளை வடிவக் கெப்பாசிட்டர் தென்பட்டால் மட்டும், மேற்கொண்டு முயலாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது.

திரை வந்து, விண்டோஸ் ஏறாமல் நின்றால் ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளைக் கழற்றி மாட்டி, பயோஸில் அந்த டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சீராகச் சத்தம் வருமானால், மீண்டும் மீண்டும் ஆன் செய்து பார்க்காதீர்கள்; ஒவ்வொரு முறையும் உள்ளிருக்கும் படங்களும் கோப்புகளும் மீட்க முடியாமல் போகும் வாய்ப்பு கூடுகிறது.