சைக்கிளில் முதல் 100 கிலோமீட்டர்

ஒரே நாளில் 100 கி.மீ. சைக்கிள் என்றதும் எல்லோரும் கால் பலத்தைத்தான் நினைக்கிறார்கள். பாதியில் திரும்பியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், காரணம் வேறாக இருக்கும். உட்கார முடியவில்லை, கை மரத்துப்போச்சு, 60 தாண்டியதும் கண் இருட்டியது, பஞ்சர் ஆகி மாற்று டியூப் இல்லை. இவை எல்லாமே புறப்படும் முன்பே சரிசெய்யக் கூடியவை. சிரமமில்லாமல் 30 கி.மீ. மிதிக்க முடிந்தால் ஆறு வாரத்தில் 100 எட்டும். பந்தய சைக்கிள் தேவையில்லை. உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் கியர் சைக்கிள் எதுவானாலும் சரி.

வாரத்தில் இரண்டு நாள் முக்கால் மணி நேரம் சாதாரணமாக ஓட்டுங்கள். விடுமுறை நாளில் மட்டும் ஒரு நீண்ட ஓட்டம்: முதல் வாரம் 30, பிறகு 40, 50, 60, 70. ஆறாவது வாரம் முழுக்கக் குறைத்துக்கொண்டு, கடைசி நாளில் 100. இடையில் 100ஐத் தொட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. 70 ஓட்டிய உடம்புக்கு மிச்சம் 30 கி.மீ. சாப்பாடும் நிதானமும் சார்ந்த விஷயம்.

சீட்டு உயரம்

இதை முதல் வாரமே முடித்துவிடுங்கள். சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் முழுதாக நீண்டு நிற்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இந்த உயரத்தில் வழக்கம்போல முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. சீட்டு தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அதிக உயரமானால் முட்டிக்குப் பின்னால் இழுக்கும், இடுப்பு இருபுறமும் ஆடி சீட்டில் உரசும். மாற்றுவதென்றால் ஒரு தடவைக்கு 5 மி.மீ. போதும். மாற்றியபின் ஒன்றிரண்டு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்த மாற்றத்துக்குப் போங்கள். சீட்டுக் கம்பியில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றாதீர்கள். கம்பி வளையவோ உடையவோ செய்யும்.

சீட்டு தரைக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும். உறுத்துகிறதே என்று மூக்கைக் கீழே சாய்த்தால் உடம்பு முன்னால் சறுக்கிக்கொண்டே இருக்கும், அந்த எடை முழுவதையும் உள்ளங்கை தாங்கும். விரல் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முழங்கையை விறைக்காமல் லேசாக மடக்கிப் பிடியுங்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை பிடியை மாற்றுங்கள்.

மெத்தென்று அகலமான சீட்டு சுகமாக இருக்கும் என்பது 15 கி.மீ. வரைதான் உண்மை. அதற்குமேல் உட்காரும் எலும்பு மெத்தைக்குள் அமிழ்ந்து, சுற்றியுள்ள சதை நசுங்கும். கொஞ்சம் கெட்டியான சீட்டும், பேட் வைத்த சைக்கிள் ஷார்ட்ஸும்தான் நீண்ட தூரத்துக்கு ஏற்றவை. அந்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை போடக் கூடாது, தையல் ஓரம் தோலை அறுத்துவிடும். தொடை இடுக்கில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். புது ஷூ, புது சீட்டு எதையும் அன்றைக்கு முதன்முதலாகப் பரீட்சிக்காதீர்கள்.

முந்தின நாள் மாலை

செயினை உலர்ந்த துணியால் துடைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விடுங்கள். பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்தெடுங்கள். வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணை இழுத்துச் சேர்க்கத்தான் பயன்படும். பிரேக்கை அழுத்தினால் லிவர் ஹேண்டில்பாரைத் தொடக் கூடாது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ரிம் பிரேக் கட்டையில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். இரண்டு அச்சும் இறுக்கமாக இருக்கிறதா என்பதையும் கையால் சோதியுங்கள்.

காற்றை மட்டும் காலையில் அடியுங்கள், மெல்லிய டியூபில் ஒரே இரவில் கொஞ்சம் குறைந்துவிடும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் உச்ச வரம்பு. அது வரை அடிக்க வேண்டியதில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு 28 மி.மீ. டயரில் 70 முதல் 80 பிஎஸ்ஐ (பம்பு காட்டும் காற்றழுத்த அளவு), 35 மி.மீ. டயரில் 50 முதல் 60 என்று தொடங்கலாம். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். முன்சக்கரத்துக்கு ஐந்து குறைவு. கல் மாதிரி அடித்தால் ரோட்டின் அதிர்வெல்லாம் முதுகுக்கு வரும். ரொம்பக் குறைத்தால் பள்ளத்தில் டியூப் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும்.

பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், டயரை நெம்பியெடுக்க இரண்டு டயர் லிவர், பேட்ச், சொல்யூஷன், உப்புத்தாள், கைப்பம்பு, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி). சக்கரம் நட்டு போட்டதாக இருந்தால் 15 மி.மீ. ஸ்பேனர். டியூப் வாங்கும்போது டயர் அளவோடு வால்வு வகையையும் பாருங்கள், ஷ்ரேடர் வால்வு தடிமன், பிரெஸ்டா மெல்லியது. பம்பு உங்கள் வால்வில் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பார்ப்பது நல்லது. ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, கொஞ்சம் ரொக்கம். ஃபோனில் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள்.

பாதையைப் பொறுத்தவரை, போய்த் திரும்பும் 50 + 50ஐ விட வீட்டை நடுவில் வைத்து 50 கி.மீ. கொண்ட இரண்டு வட்டம் போடுவது புத்திசாலித்தனம். பாதியில் தண்ணீர் நிரப்பலாம், சீட்டு உயரத்தைச் சரிசெய்யலாம், முடியவில்லை என்றால் கௌரவமாக நிறுத்திக்கொள்ளலாம். ஒரே பாதையில் போய் வருவதென்றால் எதிர்காற்றில் புறப்பட்டு, காற்று முதுகைத் தள்ள வீடு திரும்புங்கள். மொத்த ஏற்றம் 500 மீட்டருக்குள் இருக்கட்டும்.

முதல் ஒரு மணி நேரம்

கெடுவது பெரும்பாலும் இங்கேதான். உடம்பு புதிதாக இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், 25-ல் பறக்கலாம் போலத் தோன்றும். வேகம் 20-லிருந்து 25 ஆனால் காற்றைக் கிழிக்க மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி செலவாகிறது, ஏனென்றால் அந்தச் செலவு வேகத்தின் மும்மடியாக (வேகம் × வேகம் × வேகம்) கூடுகிறது. முதல் 30 கி.மீ.க்கு ஒரே அளவுகோல் போதும்: முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கி இரண்டு இரண்டு சொல்லாக வந்தால் குறையுங்கள்.

கனமான கியரில் மெதுவாக அழுத்துவதை விட, லேசான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்று சுற்றுவது முட்டிக்கு நல்லது. ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏறும்போது முழு பலத்தோடு மிதித்தபடி மாற்றினால் செயின் முறுக்கிக்கொள்ளும், சமயத்தில் அறுந்தும் போகும்.

மணிக்கு சராசரி 18 கி.மீ. என்றால் மிதிக்கும் நேரம் மட்டும் ஐந்தரை மணி. நிற்கும் நேரத்தோடு ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். 25 கி.மீ.க்கு ஒருமுறை பத்து நிமிடம் இறங்கி நடங்கள். அரை மணி உட்கார்ந்துவிட்டால் தொடை இறுகிவிடும், மறுபடி கிளம்புவது வேதனை.

சாப்பாடும் தண்ணீரும்

தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அது தீர்ந்தால் கை நடுங்கும், கண் இருட்டும், காரணமே இல்லாமல் எரிச்சல் வரும். அந்த நிலைக்குப் போனபின் சாப்பிட்டால் தெளிய அரை மணியாவது ஆகும். ஆகவே பசிக்காகக் காத்திருக்காதீர்கள். புறப்பட்டு 45 நிமிடத்தில் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் உண்டு. ஃபோனில் அரை மணிக்கு ஒரு அலாரம் வைத்து, அடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பண்டமும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் முடித்த பிறகு.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால் லிட்டர் அல்லது அதற்கும் மேல். வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் வாந்தியும் தலைவலியும் வரும். இரண்டு பாட்டிலில் ஒன்றில் உப்பு கலந்த பானம் இருக்கட்டும். வெயிலில் புல்லரித்தாலோ, தலை சுற்றினாலோ பயணம் அங்கேயே முடிந்தது. நிழலுக்குப் போய், தலையையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு, வண்டிக்கு ஆள் அனுப்புங்கள்.

பஞ்சர்

இதை வீட்டில் இரண்டு முறை செய்து பழகாமல் கிளம்ப வேண்டாம். பின்சக்கரம் என்றால் முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள், கழற்றி மாட்டுவது எளிது. காற்றை முழுதாக வெளியேற்றி, டயரின் இரு ஓரத்தையும் விரலால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். அங்கே சுற்றளவு குறைவு என்பதால் டயர் தளர்ந்து கொடுக்கும். இந்த ஒன்றைச் செய்யாதவர்கள்தான் லிவரோடு மல்லுக்கட்டுகிறார்கள். வால்வுக்கு எதிர்ப்பக்கம் லிவரைக் கொடுத்து ஒரு ஓரத்தை மட்டும் வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள்.

அவசரமாகப் புது டியூபை மாட்டாதீர்கள். பழையதில் காற்றடித்து, கன்னத்தருகே சுற்றிக் கொண்டுவந்தால் காற்று படும் இடம் தெரியும். வால்விலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரில் அதே இடத்தைத் தேடுங்கள். முள்ளோ கண்ணாடிச் சில்லோ மெல்லிய கம்பியோ அங்கே குத்திக்கொண்டிருக்கும். துணியை உள்சுற்றில் இழுத்தால் சிக்கிக்கொண்டு காட்டிக்கொடுக்கும், வெறும் விரலை ஓட்டினால் ரத்தம்தான். அதை எடுக்காமல் விட்டால் புது டியூப் அடுத்த கிலோமீட்டரிலேயே போய்விடும். ஓட்டை டியூபின் உள்பக்கம், அதாவது ரிம்மைப் பார்த்த பக்கம் இருந்தால், ரிம்மின் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி ஸ்போக்ஸ் துளை குத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

புது டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்று கொடுங்கள், முறுக்காமல் உட்காரும். வால்வை முதலில் நுழைத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து டயரை உள்ளே தள்ளிக்கொண்டே வந்து வால்வருகே முடியுங்கள். கடைசி ஒரு சாண் முரண்டு பிடிக்கும். அங்கே லிவரை எடுத்தால் டியூபைக் கடித்துவிடும். உள்ளங்கையால் உருட்டித் தள்ளுங்கள். பிறகு வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிட்டு, எங்கும் டியூப் எட்டிப் பார்க்கவில்லை என்று உறுதிசெய்து காற்றடியுங்கள்.

இரண்டு டியூபும் போய்விட்டால்தான் பேட்ச். உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகப் பூசி, ஈரம் மறைந்து மங்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருந்து ஒட்டி, நன்றாக அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டிய பேட்ச் நிற்காது.

கடைசி 30

60 முதல் 75 கி.மீ. வரை மனசு சோரும், அது எல்லோருக்கும் வருவதுதான். தொடை எரிந்தால் வேகத்தைக் குறைத்து ஓட்டலாம். முட்டியில் ஊசி குத்துவதுபோல் ஒரே இடத்தில் வலித்தால் இறங்கி சீட்டு உயரத்தைப் பாருங்கள், குறையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். களைப்பில் கண் தாழும், பள்ளம் தாமதமாகத்தான் தெரியும். நிறுத்தியிருக்கும் காரிலிருந்து ஒரு கதவு அகலம் விலகி ஓட்டுங்கள். ரயில் தண்டவாளத்தை நேர்குத்தாகக் கடந்து போங்கள், சாய்வாகப் போனால் சக்கரம் இடுக்கில் மாட்டும்.

முடித்த ஒரு மணி நேரத்துக்குள் நன்றாகச் சாப்பிடுங்கள். மறுநாள் அரை மணி லேசாக மிதித்தால் கால் பிடிப்பு விடும். விரல் மரப்பு இரண்டு நாளுக்குமேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். இதற்கு மேலும் போக ஆசை வந்தால், உலகம் முழுக்க நடக்கும் பிரெவெட் என்ற நீண்ட தூர சைக்கிள் ஓட்டங்களில் முதல் படி 200 கி.மீ., நிற்கும் நேரமும் சேர்த்து 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அங்கே போட்டி கிடையாது, முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே அங்கீகாரம்தான்.