துருப்பிடித்து மழுங்கிய சைலன்சர் நட்டு: ஸ்டட் ஒடியாமல் கழற்றும் முறை

பைக் எஞ்சின் ஹெட்டில் சைலன்சர் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளும் சூட்டிலும் மழைத்தண்ணீரிலும் மாறி மாறி வேகுபவை. நட்டு போனால் சில ரூபாய்தான். நட்டு ஏறியிருக்கும் மரைக்கம்பியான ஸ்டட் ஹெட்டுக்குள் ஒடிந்தால் லேத் பட்டறைக்கு அலையவேண்டும். அதனால் நட்டைப் பலிகொடுத்தாவது ஸ்டட்டைக் காப்பாற்றவேண்டும்.

1. எஞ்சின் நன்றாக ஆறட்டும். வெளியே தெரியும் மரையை வயர் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதை விட்டால் நட்டு பாதி தூரம் வந்து, அங்கிருக்கும் துருவிலேயே மறுபடி இறுகிக்கொள்ளும்.

2. ரஸ்ட் ஸ்ப்ரே அடித்து, நட்டின் பக்கங்களில் சின்னச் சுத்தியலால் தட்டி, இரவு முழுக்க விடுங்கள். டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டச் செய்யப்பட்டது. இந்த வேலைக்கென்றே விற்கும், துருவுக்குள் ஊறி இறங்கும் பெனட்ரேட்டிங் ஆயில்தான் என் தேர்வு.

3. ஆறு முனை சாக்கெட் மட்டும் போடுங்கள். எம்6 (6 மி.மீ. விட்டம்) ஸ்டட்டுக்கு பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட், எம்8க்கு 12 அல்லது 13. பன்னிரண்டு முனை ரிங் ஸ்பேனர் நட்டின் மூலைக்குப் பக்கத்தில் அழுத்துவதால் துரு தின்ற நட்டில் வழுக்கும். ஓப்பன் ஸ்பேனர் இரண்டு பக்கத்தை மட்டுமே பிடிக்கும், இங்கே வேண்டவே வேண்டாம். ஒரு தடவை வழுக்கினாலும் அதே சாக்கெட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். 10 நட்டு மழுங்கியிருந்தால் 3/8 அங்குல சாக்கெட்டை (9.5 மி.மீ.) சுத்தியலால் அடித்து ஏற்றலாம். மழுங்கிய நட்டைக் கவ்விப் பிடிக்கும் எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் இருந்தால் அதுவே மேல்.

4. பலரும் ஸ்டட்டை ஒடிப்பது இங்கேதான். நட்டு நகர்ந்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் கழன்றது நட்டு இல்லை. ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஒடியும். நிறுத்திவிட்டு ஐந்தாவது படிக்குப் போங்கள். திரும்பி வராமல் நின்றால், கால் சுற்று கழற்றி, கொஞ்சம் இறுக்கி, ஆயில் விட்டு மறுபடி கழற்றுங்கள். இப்படி முன்னும் பின்னும் ஆட்டினால் மரைக்குள் இருக்கும் துருத்தூள் வெளியே வரும்.

5. சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வையுங்கள், அடித்த ஆயிலைத் துடைத்துவிடுங்கள். பியூட்டேன் டார்ச்சின் தீ நட்டின் மேல் மட்டும் படட்டும்; நட்டு விரிந்து ஸ்டட் அவ்வளவு விரியாதபோதுதான் பிடி தளரும். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் தீ காட்டவே கூடாது. குளோரின் கலந்த வகையானால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சுவாயு வரும். நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தால் கவலை வேண்டாம், புது ஸ்டட் போட்டால் போதும்.

6. இதற்கும் மசியாவிட்டால் நட்டை வெட்டுங்கள். ஹேக்சா பிளேடால் ஸ்டட்டுக்கு இணையாக, மரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரை அறுத்து, அந்தப் பிளவில் உளி வைத்து ஓங்கி ஒரு அடி.

ஸ்டட் ஒடிந்தே போனால்: வெளியே முனை நீட்டியிருந்தால் அதன் மேல் ஒரு நட்டு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், அந்தச் சூடே பாதி வேலையை முடித்துவிடும். பேட்டரி ஒயரை முதலில் கழற்றவேண்டும். உள்ளே ஒடிந்திருந்தால் நடுவில் சென்டர் பஞ்சால் குழி அடித்து, கழற்றும் திசையிலேயே சுற்றும் இடது சுழற்சி டிரில் பிட்டால் துளையிடுங்கள். அந்தத் துளையில் செருகி முறுக்கி ஸ்டட்டை எடுக்கும் ஈஸி-அவுட் எனக்குப் பிடிக்காத சாமான். உள்ளே அது ஒடிந்தால் சாதாரண டிரில் பிட் அதன்மேல் ஏறாது.

திரும்பப் பூட்டும்போது புது கேஸ்கெட், புது நட்டு, மரையில் காப்பர் கிரீஸ். எம்6 நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

பிற்சேர்க்கை: டிஸ்க் பிரேக்கின் ஆலன் போல்ட் உள்பக்கம் மழுங்கினால் வழி வேறு. 5 மி.மீ. ஆலன் குழியில் டி30 டார்க்ஸ் (நட்சத்திர முனை) பிட்டை அடித்து இறக்குங்கள், 6 மி.மீ. என்றால் டி40. மரையில் திரெட்லாக் என்ற பசை இருக்க வாய்ப்புண்டு. போல்ட் தலையை மட்டும் சூடாக்கினால் அது இளகும். வீல் பேரிங் சீல் பக்கம் தீ போகக்கூடாது. அந்த போல்ட்டை மறுபடி பயன்படுத்தாதீர்கள், டிஸ்கில் கிரீஸோ ஆயிலோ பட்டால் துடைத்த பிறகே வண்டியை எடுங்கள்.