பழைய ரேஸ் சைக்கிளைப் புதுப்பிப்பதா, புதிது வாங்குவதா?

பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் நின்ற பழைய ரேஸ் சைக்கிளுக்குச் செலவு செய்யும் முன், சீட் தண்டை உருவி, குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளத்தாலும், பெடல் அச்சு அமரும் அடிப்பகுதியில்தான் ஈரம் தேங்கித் துரு தின்னும். தட்டும்போது அங்கே செதில் செதிலாக உதிர்ந்தால், மனம் வலிக்கும்தான், ஆனாலும் அந்த ஃபிரேமை விட்டுவிடுங்கள்.

ஃபிரேம் உறுதியாக இருந்தால், பின்சக்கரம் அமரும் இடைவெளியை அளந்து பாருங்கள். அது 126 மி.மீ. என்றால், எஃகு ஃபிரேமை நடுப்பகுதி (ஹப்) 130 மி.மீ. அகலமுள்ள சக்கரத்துக்கு ஏற்பத் தேர்ந்த மெக்கானிக் விரித்துத் தருவார். அலுமினியத்தில் இதைச் செய்யவே கூடாது. 27 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு, அதைவிடச் சற்றே சிறிய 700சி அளவுச் சக்கரம் போட்டால், பிரேக் கட்டை 4 மி.மீ. கூடுதலாக எட்ட வேண்டும். சக்கரம், கியர், பிரேக் மூன்றையுமே மாற்ற வேண்டியிருந்தால் புதியதே மேல். டயர், செயின், கேபிள் மட்டும் என்றால் பழையதையே தனுஷ்கோடிச் சாலையில் நிம்மதியாக ஓட்டலாம்.